திங்கட்கிழமைத் தலைவலி

வெள்ளத்துரைக்கு நெஞ்சுவலி வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் வந்தது. வேலைக்குப் போனால் அரைமணி நேரத்தில் போய்விடும். அவன் பெண்டாட்டி சுந்தரம்மாளைப் பிடித்த சனி அதுதான்.

வேலை என்று பார்த்தால் ஒன்றும் சொகுசான வேலை இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் ரோட்டில் மூன்று மைல் போய், இடதுபக்கம் பிரியும் வண்டிப்பாதையில் திரும்பினால் கருவேல மரங்களுக்கு நடுவே முள்கம்பி வேலி போட்ட ஒரு கல்கட்டடம் இருக்கும். சன்னல் கிடையாது. இரும்புக் கதவு ஒன்று, அதில் இரண்டு பூட்டு. அது ஊருக்குள் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருக்கும் சண்முகையா முதலாளியின் வெடிமருந்துக் கிட்டங்கி. அந்த வருஷங்களில் மழை சரியாகப் பெய்யவில்லை. மேலநீலிதநல்லூர் பக்கம், இளையரசனேந்தல் பக்கம் எல்லாம் ஆளாளுக்குக் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பத்தடி தோண்டினால் பாறை. பாறைக்கு வெடி வேண்டும், வெடிக்குத் தோட்டா வேண்டும். மெழுகுத்தாளில் சுற்றிய குச்சி குச்சியான தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகக் கிட்டங்கிக்கு வந்து இறங்கும். வெள்ளத்துரை பெட்டியைப் பிரித்து, கிணறு வெட்டுகிறவர்கள் கேட்கிற அளவுக்குக் கட்டாகக் கட்டிக் கொடுப்பான். வெயில் ஏறினால் குச்சிகளுக்கு வேர்க்கும். தாளுக்கு மேல் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி ஒன்று கசியும். அதைத் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்கவேண்டும். எல்லாம் வெறுங்கையில்தான். உள்ளே இனிப்பும் காரமுமாக ஒரு வாடை நிற்கும். அந்த வாடை அவன் சட்டையிலும் துண்டிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும்.

சேர்ந்த புதிதில் அவனுக்குத் தாங்கமுடியாத தலைவலி இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை போகிற அன்று மட்டும் காலையில் மண்டை இடிக்கும். மத்தியானத்துக்குள் அதுவும் சரியாகிவிடும். கிட்டங்கியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். திங்கட்கிழமைத் தலைவலி என்றே அதற்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை தூங்கின தூக்கத்துக்கு வட்டி என்று சிரித்துக்கொள்வார்கள்.

நெஞ்சுவலி வந்தது இரண்டு வருஷம் கழித்து, ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில். ஊரே நிறைந்து கிடந்தது. கிட்டங்கிக்கு இரண்டு நாள் லீவு. இரண்டாம் நாள் விடிகாலையில் வெள்ளத்துரை காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"என்னங்க செய்யுது?"

"யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குட்டி. இடது கை மரத்துப் போவுது."

சுந்தரம்மாள் கோயிலில் வாங்கி வைத்திருந்த புற்றுமண்ணைக் குழைத்து அவன் நெஞ்சில் தடவினாள். முதுகை நீவிவிட்டாள். கால்மணி நேரத்தில் வலி தணிந்தது. மறுநாள் வேலைக்குப் போனவன் சாயங்காலம் திரும்பி வரும்போது ஒன்றுமே நடக்காதவன் மாதிரி வந்தான். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை விடிகிற நேரத்தில், அந்த வலி வந்தது. வைத்தியரிடம் போனார்கள். அவர்கள் போன அன்று வியாழக்கிழமை, வேலைநாள். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வாயுவாக இருக்கும் என்று வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு வெள்ளத்துரையின் அக்கா கோமதித்தாய் சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தம்பிக்கு ஒன்று என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. வந்தவள் மூன்று நாள் இருந்தாள். அதில் திங்கட்கிழமை விடிகாலையில் அவன் நெஞ்சைப் பிடித்ததையும் பார்த்தாள், அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்ச் சிரித்த முகமாகத் திரும்பி வந்ததையும் பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது சுந்தரம்மாளிடம் சொன்னாள்.

"ஏட்டி, நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காத. வேலை செய்யுத எடத்துல நல்லாத்தான் இருக்கான். இங்கன வந்தாத்தான் நெஞ்சைப் புடிக்கான். இங்கன என்ன இருக்கு? நீதான் இருக்க."

சுந்தரம்மாள் குனிந்து இலையில் சோற்றைப் போட்டாள். கணக்குப் பார்த்தால் மதினி சொன்னது சரியாகத்தான் வந்தது.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாக விட்டாள். குழம்பில் உப்பைக் குறைத்தாள், புளியைக் குறைத்தாள். பக்கத்துத் தறிக்கூடத்துக்கு வீட்டிலிருந்தே நூல் சுற்றிக் கொடுக்கிறவள், ராட்டைச் சத்தம் அவனுக்கு ஆகாதோ என்று ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதை நிறுத்தினாள். அவன் செய்கிற எதையும் குறை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "என்ன சுந்தரம், ஒங்க வீட்டுல சத்தமே காணோம்? ரெண்டு பேரும் கோவமா?" சுந்தரம்மாள் அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். ஆயிஷம்மாள், "அல்லா அறிய, ஒன்னைய மாதிரி பொம்பள வாய்க்க அந்த மனுசன் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சுந்தரம்மாளுக்கு மனசு ஆறவில்லை.

வெள்ளத்துரையும் மாறிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை கூட, "ஒரு எட்டு கிட்டங்கியைப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவான். போய்வந்தால் முகம் தெளிந்திருக்கும். போகமுடியாத ஒரு ஞாயிறு சாயங்காலம், வேலைக்குப் போட்டுப்போகும் அழுக்குத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"அதைக் குடுங்க, துவைக்கணும்."

"இருக்கட்டும். இந்த வாடை மூக்குல ஏறினா நெஞ்சு கொஞ்சம் லேசா இருக்கு."

தான் இருக்கிற வீட்டைவிட அந்த இருட்டுக் கிட்டங்கியின் அழுக்குத்துணி அவனுக்குத் தேவலையாக இருக்கிறதே என்று அவள் அன்று அடுக்களையில் நின்று அழுதாள்.

பயம் இன்னொன்றும் இருந்தது. வெள்ளத்துரைக்கு முன்னால் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சிவனாண்டி. நல்ல திடகாத்திரமான ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி லீவில், மூன்றாம் நாள் காலையில் குளிக்கப் போன இடத்தில் விழுந்து செத்துப்போனான். முந்தின நாள் பெண்டாட்டி மாரித்தாய் ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டாள், அது நெஞ்சை அடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைச் சுந்தரம்மாளும் அப்போது கேட்டு, 'உச்' கொட்டியவள்தான். இப்போது அந்தப் பேச்சு தன் வீட்டுக்கும் வருமோ என்று இருந்தது.

பொங்கல் வந்தது. கிட்டங்கிக்கு நான்கு நாள் லீவு. கோமதித்தாய் மறுபடி வந்து நின்றாள்.

"நாலு நாளும் தம்பி சிவகிரியில வந்து இருக்கட்டும். எங்க வீட்டுல இருந்தா வலி வருதான்னு பாப்பம். தெரிஞ்சு போயிருமில்லா."

சுந்தரம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் போகமாட்டேன் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். "சரிக்கா, வாரேன்" என்று சொன்னான். அவள் எல்லாத் துணியையும் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். அந்தத் துண்டையும் துவைத்துவிட்டாள். வெயிலில் நின்று துவைக்கிற நாளில் வழக்கம்போல, அன்று ராத்திரி முழுக்க அவளுக்குத் தலையைப் பிளந்தது.

போகியன்று அவர்கள் போனார்கள். பொங்கல் அன்று சுந்தரம்மாள் தனியாகப் பானையை வைத்தாள். பால் பொங்கி வழியும்போது அவள் மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தது. அங்கேயும் அவனுக்கு வலி வரட்டும். ஒரே ஒரு தடவை, லேசாக, மதினி கண்ணெதிரே வரட்டும். அப்போதாவது இது என்னால் இல்லை என்று தெரியட்டும். கட்டின புருஷனுக்கு வலி வரவேண்டும் என்று பொங்கப்பானைக்கு முன்னால் நின்று நினைத்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். காலை பத்து மணி இருக்கும். ஆயிஷம்மாள் கடைத்தெருவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சுந்தரம், பதறாத. சிவகிரி பஸ்ஸுல ஒம் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்காங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இருக்காரு. உசுருக்கு ஒண்ணுமில்ல. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வாரேன்."

அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். பொங்கல் அன்று விடிகாலையிலேயே வெள்ளத்துரைக்கு வலி வந்திருக்கிறது. அக்காவுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டான். மாட்டுப்பொங்கல் அன்று காலையில் வலி மறைக்கிற அளவில் இல்லை. தரையில் உருண்டுவிட்டான். அங்கேயே டாக்டரிடம் போவோம் என்று கோமதித்தாய் கெஞ்ச, அவன் கேட்கவில்லை. "என்னைய சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோங்க. கிட்டங்கியில விட்டுருங்க. அங்கன போனா சரியாயிரும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஊருக்குள் நுழையும்போது அவன் கண் செருகியதைப் பார்த்து, டிரைவர் பஸ்ஸை நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

பண்டிகை என்பதால் மற்ற டாக்டர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். டியூட்டியில் இருந்தது ரசீதா என்கிற டாக்டரம்மா. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. சின்ன வயசு, பாளையங்கோட்டைப் பக்கம். சுந்தரம்மாள் உள்ளே போனபோது அவர் வெள்ளத்துரையின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாயத் தெறங்க. இந்த மாத்திரைய நாக்குக்கு அடியில வையுங்க. முழுங்கிறாதீங்க. தானாக் கரையட்டும்."

சுவரோரமாகக் கோமதித்தாய் தலை கலைந்து நின்றாள். சுந்தரம்மாளைப் பார்த்ததும் கலைந்த முடியை அள்ளி முடிந்தாள்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வெள்ளத்துரையின் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டது. மூச்சு ஒழுங்காக வந்தது. நெஞ்சில் இருந்த கையை எடுத்தான். எடுத்த கையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டான்.

"என்ன, தலை வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டார். "பயப்படாதீங்க. இந்த மாத்திரை அப்படித்தான் செய்யும்."

"பரவால்லம்மா. எனக்கு இது பழக்கந்தான்" என்றான் வெள்ளத்துரை முனகலாக.

சுந்தரம்மாள் அவன் நெற்றியைப் பார்த்தாள். இரண்டு பொட்டிலும் நரம்பு விண்விண் என்று தெறித்தது. முகம் சிவந்திருந்தது. இதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"டாக்டரம்மா, இது திங்கக்கெழமைத் தலைவலி" என்றாள்.

சீட்டில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "என்னது?"

"திங்கக்கெழமை வேலைக்குப் போனா இவுகளுக்கு இப்படித்தான் வரும். இதே மாதிரி நரம்பு தெறிக்கும். முகம் செவந்து போவும். மத்தியானத்துக்குள்ள சரியாயிரும்."

"என்ன வேலை பாக்காரு? கடையில வேலைன்னுல்லா இந்தம்மா சொன்னாங்க."

"கடை வேலைதாம்மா. ஆனா இவுக இருக்கது வெடிமருந்துக் கிட்டங்கியில. கெணத்து வெடிக்குத் தோட்டா குடுக்கது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தோட்டாவைக் கையால் தொடுவாரா? கையுறை உண்டா? காற்று வருமா? வலி எந்தெந்த நாளில் வரும்? சுந்தரம்மாள் சொல்லச் சொல்ல அவர் குறித்துக்கொண்டே வந்தார். ஆடித்தபசு, திங்கட்கிழமை விடிகாலைகள், முகத்தில் போட்ட துண்டு, ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிக்குப் போனால் முகம் தெளிவது எல்லாவற்றையும் அவள் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் ஒன்றையும் சொன்னாள்.

"இவுக சட்டை, துண்டைத் துவைக்கிற அன்னிக்கு எனக்கும் மண்டை இடிக்கும்மா. நான் வெயிலுன்னு நெனச்சுக்கிடுவேன்."

டாக்டர் ரசீதா எழுந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தன் குவார்ட்டர்ஸிலிருந்து தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அப்புறம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் இதைப் படிச்சிருக்கேனே தவிர, ஆளைப் பாத்தது இல்ல. அதனால பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறேன். எங்க புரொபசருக்கு லெட்டர் தாரேன். அவரு பாத்துச் சொல்லட்டும். ஆனா எனக்குத் தோணுறதைச் சொல்லுதேன், கேளுங்க. இப்ப நாக்குக்கு அடியில வச்சேன்லா ஒரு மாத்திரை, அதுவும் அந்தத் தோட்டாவுல கசியுதே ஒரு எண்ணெய், அதுவும் ஒரே இனம். அண்ணன் தம்பி மாதிரி. ரத்தக் குழாயை விரிச்சு விடும். தலையில இருக்க குழாய் விரிஞ்சாத் தலைவலி. நெஞ்சுக்குப் போற குழாய் விரிஞ்சா நெஞ்சுவலி போயிரும்."

"அப்ப அது நல்லதுதான?" என்றான் வெள்ளத்துரை.

"வியாதிக்காரனுக்கு அளவாக் குடுத்தா நல்லது. நீங்க ஒரு வியாதியும் இல்லாம ஆறு நாளும் பகல் பூரா கை வழியா, மூக்கு வழியா ஏத்திக்கிடுதீங்க. ஒடம்பு அதுக்குப் பழகிப் போச்சு. ஞாயிற்றுக்கெழமை திடீர்னு அது இல்லைன்னா, விரிஞ்சு பழகின குழாய் எதிர்ப்பக்கமா இறுக்கிப் புடிச்சுக்கிடுது. ஒண்ணரை நாள், ரெண்டு நாள் கழிச்சு வலி. மறுபடி கிட்டங்கிக்குப் போனா மருந்து ஏறும், வலி போயிரும். இப்ப லீவு மூணாம் நாள் ஆயிப் போச்சு, அதான் இவ்வளவு கடுமையா வந்திருக்கு."

வெளியே எங்கோ மாட்டின் கழுத்துச் சலங்கை கேட்டது. சுந்தரம்மாள் டாக்டரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப வீட்டுல ஒண்ணும் இல்லையாம்மா?"

"வீட்டுல என்ன?"

"என்னால இல்லையா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. "ஒங்களாலயா? ஒங்களாலன்னு யாரு சொன்னது?"

கோமதித்தாய், "தம்பிக்குக் காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

"லீவுன்னா வீட்டுல இருப்பாரு. அதனால வீட்டுல வந்திருக்கு. அவ்வளவுதாம்மா" என்றார் டாக்டர். "நீங்க இந்தத் தலைவலியைச் சொல்லலைன்னா நானும் மாத்திரையைக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

சுந்தரம்மாள் வராந்தாவுக்கு வந்தாள். மருந்து வாங்குகிற சன்னலுக்குப் பக்கத்தில் ஆயிஷம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சுந்தரம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். ஆறு மாதமாக நெஞ்சுக்குள் கட்டிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, உடம்பே லேசாகிப்போன மாதிரி இருந்தது. "என்னாலே இல்லையாம். என்னாலே இல்லையாம்" என்று மட்டும் சொன்னாள். ஆயிஷம்மாள் எதுவும் கேட்காமல் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் மாணவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளத்துரையைக் காட்டினார். இரண்டு தடவை வலி வந்தது. இரண்டு தடவையும் மாத்திரைக்கு அடங்கியது. அப்புறம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எட்டாம் நாளுக்கு மேல் வலி வரவில்லை. இதயம் கெட்டுப்போகவில்லை, நேரத்தில் வந்துவிட்டீர்கள், இனி அந்தக் கிட்டங்கிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று சொன்னார் பெரிய டாக்டர்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வார்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுந்தரம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் மறைக்க அவளால் முடியவில்லை.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பொங்கல் அன்னிக்கு, நீங்க சிவகிரியில இருக்கும்போது, அங்கனயும் ஒங்களுக்கு வலி வரணும்னு நெனச்சேன். பானைக்கு முன்னாடி நின்னு நெனச்சேன்."

உரித்த சுளையை வெள்ளத்துரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்ன எதுக்கு அக்கா கூப்பிட்டதும் சரின்னு போனேன்? அவ வீட்டுலயும் வலி வந்தாத்தான் அவ வாயை அடைக்க முடியும். வரலைன்னா ஒன்னைய என்ன பாடு படுத்தியிருப்பா? பொங்கல் அன்னிக்கு வந்தது. ஆனா ஆளுக எல்லாம் சந்தோசமா இருக்காவ, நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னு விட்டேன். மறுநா இப்படி உருட்டிப் போடும்னு கண்டேனா?"

"கிறுக்கா ஒங்களுக்கு?" என்றாள் சுந்தரம்மாள். "நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மறைப்பாவளா யாராவது? போயிருந்தா என் கெதி என்ன? யோசிச்சீகளா? அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே மண்டைக்கனம்."

ஆறு மாதத்துக்கப்புறம் அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டில்காரர் விழித்துப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். திட்டி முடித்த பிறகு பயத்தோடு அவன் நெஞ்சைப் பார்த்தாள். அவன் கையை நீட்டி இன்னொரு சுளை கேட்டான்.

சண்முகையா முதலாளி மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். உள்ளே வரும்போதே முகத்தில் ஒரு கலக்கம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிப் படித்தார்.

"என் லைசென்ஸுக்கு ஏதும் வந்துருமோ, வே?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் தாளை மறுபடி படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது மெல்லக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சிவனாண்டியும் லீவு அன்னிக்குத்தானே போனான்" என்றார். "தீபாவளி மூணாம் நாள்."

"ஆமா அண்ணாச்சி" என்றான் வெள்ளத்துரை.

அவர் வெகுநேரம் தாளை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். போகும்போது வெள்ளத்துரையின் தோளைத் தொட்டு, "நீ கடைக்கே வந்துரு. மோட்டார் பம்புசெட் பக்கம் ஆள் வேணும். கிட்டங்கி வேண்டாம்" என்று சொன்னார். கடையில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிற முதலாளி, அன்று வார்டு வாசலில் செருப்பைத் தேடத் தெரியாமல் நின்றார். சொன்னபடியே அவனைக் கடையில் வைத்துக்கொண்டு, அந்த மாசியில் கிட்டங்கியின் சுவரில் இரண்டு பக்கமும் கம்பிவலை போட்ட காற்றுத்துவாரம் வைத்தார். டாக்டரம்மாவிடமே கேட்டுக் கையுறை வரவழைத்தார். அதைப் போடாமல் பெட்டியைத் தொட்டால் வேலை கிடையாது என்று புது ஆளிடம் சொல்லியும் வைத்தார். அரசாங்கத்து ஆட்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளத்துரை வீட்டுக்கு வந்த பிறகு சுந்தரம்மாள் ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் ரசீதாவிடம் போய்ச் சிவனாண்டியின் விஷயத்தைச் சொல்லி, அவனும் இதனால்தான் செத்தானா என்று கேட்டாள். "பாக்காத ஆளைப் பத்தி நான் நிச்சயமாச் சொல்லக்கூடாது. ஆனா நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா அப்படி இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேரே மாரித்தாயின் வீட்டுக்குப் போனாள்.

மாரித்தாய் வாசலில் உட்கார்ந்து மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆடித்தபசிலிருந்து ஆரம்பித்துப் பாளையங்கோட்டை வரைக்கும். டாக்டரம்மா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னாள், நிச்சயம் இல்லை என்று அவர் சொன்னதையும் சேர்த்து. மாரித்தாயின் கை கட்டுவதை நிறுத்திவிட்டது.

"அவுகளும் துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் படுப்பாவ, லீவு அன்னிக்கு" என்றாள் மாரித்தாய். "நான் புடுங்கித் துவைக்கப் போடுவேன்."

"நானுந்தான் துவைச்சேன். நமக்கு என்ன தெரியும்?"

"ரெண்டு வருசமா இந்த வீட்டுல கறி எடுக்கல. கறிக்கடை இருக்க தெரு வழியாக்கூட நான் போறதில்ல. எங்கையால ஆக்கிப் போட்டுத்தான் போயிட்டாவன்னு…" சுந்தரம்மாள் அவள் மடியில் சிதறிக் கிடந்த பூக்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டு பேரும் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்து பூக் கட்டினார்கள். கிளம்பும்போது மாரித்தாய் ஒரு முழத்தைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டாள்.

கோமதித்தாய் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது. பங்குனியில் ஒரு மூட்டை நெல்லும் ஒரு குலை வாழைப்பழமும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். தம்பியிடம் பேசுவதற்கு முன்னால் அடுக்களைக்கு வந்து, "ஏட்டி, ஒங் கையால ஒரு புளிக்கொழம்பு வையி. உப்பு, புளி எல்லாம் நல்லாப் போட்டு வையி" என்றாள். சுந்தரம்மாள் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கோமதித்தாய் இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் டாக்டர் ரசீதாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கேள்விப்பட்டதும் சுந்தரம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்கப் போனாள். புத்தகங்களையெல்லாம் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் டாக்டர்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்க? வரலையா?"

"இளையரசனேந்தல் பக்கம் மோட்டார் மாட்டப் போயிருக்காவம்மா. போயி நாலு நாளாச்சு. நேத்து ஆள் மூலமாச் சொல்லி விட்டாவ."

டாக்டர் கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நாலு நாளா? வலி ஏதும் இருக்காமா?"

"இருக்காம்மா" என்றாள் சுந்தரம்மாள். "பஸ்ஸு வரலைன்னு ஆறு மைல் நடந்தாவளாம். முழங்கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்காம்."

டாக்டர் சிரித்தார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, புத்தகக் கட்டின் மறுமுனைக் கயிற்றைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி அவளைக் கேட்டார்.